நீல மூடி போட்ட கிணறுகள்

ஜூன் 3, திங்கள்

இந்தச் சுரங்கத்தின் வரலாற்றை யாராவது எழுதுவதாக இருந்தால் இன்றைய தேதிக்குத் தனி அத்தியாயம் ஒதுக்க வேண்டியிருக்கும். காலை பதினொன்றே காலுக்கு, இரண்டு மணி நேர விவாதத்துக்குப் பிறகு, நிலத்தடி நீர்க் கண்காணிப்புக் கிணறுகள் எட்டின் இரும்பு மூடிகளுக்கும் நீல வண்ணம் பூசுவது என்று முடிவானது. ஜி.எம். பச்சைதான் என்றார். சுற்றுச்சூழல் என்றாலே பச்சை என்பது அவர் வாதம். பண்டகசாலையில் சிவப்பு நிறைய இருப்பதாகச் சொன்னார்கள். தண்ணீரின் நிறம் நீலம் என்று நான் எழுந்து நின்று சொன்னேன். 

“தண்ணிக்கு நிறமே கெடையாதுல்லா சார்?” என்றார் ஜெபராணி. திசையன்விளைப் பக்கத்துக்காரர். ஆய்வகத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருக்கும் வேதியியல் உதவியாளர். முதல் மாதத்தில் சொல்லப்படும் கருத்துகள் கூட்டக் குறிப்பில் ஏறுவதில்லை என்று அவருக்கு எடுத்துச் சொன்னேன்.

கிணறு என்கிறோமே தவிர, அவை தரையில் இறக்கிய ஆறு அங்குலக் குழாய்கள். நாங்கள் தோண்டுவது குரோமைட், குரோமியத்தின் தாது. தாது போக மிஞ்சிய மண்ணைக் கிழக்குச் சரிவில் கொட்டுகிறோம். அந்த மேட்டில் மழை இறங்கினால் குரோமியம் கரைந்து நிலத்தடிக்குப் போகலாம். போகிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்கத்தான் இந்த எட்டும். எட்டு வருடங்களாகப் போகவில்லை. ஒவ்வொரு அறிக்கையிலும் “போகவில்லை” என்று சுற்றுச்சூழல் அதிகாரியாகக் கையெழுத்திட்டவன் நான்.

மாலையில் பாவாயி கடையில் தேநீர். வாசல் கேட்டுக்கு எதிரே, பூலாம்பாறை ஊரின் முதல் கட்டடம். பதினோரு வருடமாக ஒரு நாளைக்கு இரண்டு. இந்த ருசி வீட்டில் வருவதில்லை. தண்ணீர்தான் காரணம் என்பார் பாவாயி. கடைக்குப் பின்னால் ஊர்க் கிணறு. பஞ்சாயத்துக் குழாயில் ஒன்பது நாளுக்கு ஒருமுறை வருகிறது. மற்ற எட்டு நாளும் ஐம்பத்து மூன்று வீடும் இதில்தான் இறைக்கிறது.

ஜூன் 6, வியாழன்

ஜெபராணி முதல்முறையாக எட்டுக் கிணற்றுக்கும் போனார். காலை ஆறு மணிக்குக் கிளம்பியவர் திரும்பியது மாலை நாலுக்கு. போன மாதம் ஓய்வுபெற்ற மாணிக்கவேலு இதே வேலையை முடித்துவிட்டு டிபனுக்கு வந்துவிடுவார். வேகம் போதவில்லை என்று குறித்துக்கொண்டேன்.

“குழாய்க்குள்ள நிக்கது பழைய தண்ணி சார். அதை மூணு மடங்கு வெளிய இறைச்சு விட்டாத்தான் நிலத்துல இருக்க தண்ணி வரும். கையேட்டுல நாலாம் பக்கம் போட்டுருக்குல்லா?”

கையேட்டை எழுதியவன் நான். போட்டிருக்கலாம்.

“அப்பறம், ரெண்டுல இருந்து எட்டு வரைக்கும் எல்லா மூடியும் துருப்பிடிச்சு ஒட்டிக் கெடந்துச்சு. கடப்பாரைய வச்சு நெம்பித்தான் தொறந்தேன். வருசக்கணக்கா யாரும் தொட்ட மாரி தெரியல.”

இரும்பு என்றால் துருப்பிடிக்கும் என்று சொன்னேன். அதற்குத்தான் வண்ணம் பூசப்போகிறோம்.

ஜூன் 8, சனி

வண்ணம் பூசி முடிந்தது. கம்பீரமாக இருக்கிறது. ஏழாம் கிணற்றருகே மேய்ந்த ஆடு ஒன்றின் முதுகில் கொஞ்சம் ஒட்டிவிட்டது. ஆட்டுக்காரர் குறை சொல்லவில்லை, இனி அடையாளம் தெரியும் என்கிறார்.

ஜூன் 10, திங்கள்

முடிவுகள் வந்தன. ஒன்றிலிருந்து ஆறு வரை சரி. ஏழாம் கிணறு 0.41. எட்டாம் கிணறு 0.36. குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

எட்டு வருட வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். எட்டுக் கிணற்றின் கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து ஒரே கோடாகத் தெரியும். முன்பு தணிக்கைக்கு வந்த ஒருவர், இவ்வளவு ஒழுங்கான நிலத்தடி நீரைத் தாம் எங்கும் கண்டதில்லை என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். அப்படிப்பட்ட நீர் ஒரே மாதத்தில் இப்படி நடந்துகொள்ளாது. யாரோ ஏதோ செய்திருக்கிறார்கள்.

அவசரக் கூட்டம். வண்ணத்தில்தான் குரோமியம் இருந்திருக்கும் என்றார் ஜி.எம். தண்ணீர் எடுத்தது ஆறாம் தேதி, வண்ணம் பூசியது எட்டாம் தேதி என்றார் ஜெபராணி. வெறும் தேதிகளை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்று ஜி.எம். பதில் சொன்னார்.

ஏழாம் கிணற்றுக்கும் ஊர்க் கிணற்றுக்கும் இடையே நானூறு மீட்டர். சரிவு ஊர்ப் பக்கம்.

ஜூன் 11, செவ்வாய்

இன்று தேநீர் குடிக்கவில்லை. சர்க்கரையைக் குறைக்கலாம் என்று இருக்கிறேன்.

ஜூன் 13, வியாழன்

பாவாயி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கையில் சோடா பாட்டிலில் தண்ணீர்.

“ஏனுங்க சார், ரண்டு மூணு நாளா கடைப் பக்கமே காணோம்? ஒடம்புக்கு ஏதாச்சுங்களா?”

“வேலை அதிகம்மா. என்ன விஷயம்?”

“அந்தப் புதுப் பொண்ணு ஏழாம் நெம்பர்ல அரை நாளு நின்னு தண்ணி எறைச்சுதுங்க. நானு இருவது வருசமா அந்தக் காட்டுலதான் வெறகு பொறுக்கறேன். அங்க ஒருத்தரும் வந்து நின்னு நான் பாத்ததில்ல. திடீர்னு வந்து எறைக்கறீங்களே, என்னமோ இருக்குதுன்னு மனசுல பட்டுச்சு. எம்பொண்ணு சூடாமணி ஏழு மாசமுங்க. பிரசவத்துக்கு வந்திருக்கறா. நம்ம கெணத்துத் தண்ணிய அவளுக்குக் குடுக்கலாமா, வேண்டாமா? அத மட்டும் ஒரு காயிதத்துல எழுதிக் குடுத்துருங்க.”

வெளியாள் கொண்டுவரும் பாட்டிலை ஆய்வகம் ஏற்பதில்லை, அதில் உரிய சீட்டு ஒட்டப்பட்டிருக்க வேண்டும் என்று விதியை விளக்கினேன்.

“என்ன சீட்டுன்னு சொல்லுங்க, ஒட்டிக்கிட்டு வாறேன்.”

பாட்டிலை அலமாரியில் வைத்தேன். இருபது வருடமாக அந்தக் காட்டில் விறகு பொறுக்குகிறார். ஏழாம் கிணற்றை இவ்வளவு உன்னிப்பாக இவர் ஏன் கவனிக்க வேண்டும்?

ஜூன் 14, வெள்ளி

மறுபடியும் தண்ணீர் எடுக்க நானும் கூடப் போனேன். ஏழாம் கிணறு இவ்வளவு தூரம் என்று எனக்கு நினைவில்லை. கருவேலம் முள் காலணியைத் துளைத்து ஏறிவிட்டது. ஜெபராணி அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, “மாணிக்கவேலு சார் இங்க வந்துட்டு டிபனுக்குத் திரும்பிருவாராக்கும்! பறந்துதான் போவாரு போல” என்றார். 

ஏழாம் கிணறு 0.43.

ஜூன் 15, சனி

சதி என்பதில் ஜி.எம்.முக்குச் சந்தேகம் இல்லை. எனக்கும் இல்லை. யாருடையது என்பதில்தான் சந்தேகம். எல்லாம் ஜெபராணி வந்த பிறகுதான் ஆரம்பித்தது. ஊர்க்காரர்களுக்கும் மண்மேட்டின்மேல் பழைய கோபம் உண்டு. மாணிக்கவேலுவையும் விலக்க முடியாது. பிரிவு உபசார விழாவில் நாங்கள் கொடுத்த சுவர்க்கடிகாரம் ஓடவில்லை என்று கேள்வி.

எட்டு மூடிகளுக்கும் பூட்டு. சாவிகள் என்னிடம் மட்டும். பூட்டுக் குழு அமைக்கப்பட்டது. தலைவர் நான்.

ஜூன் 18, செவ்வாய்

ஏழாம் கிணற்றுப் பூட்டில் நேற்று கருப்பு நூல் ஒன்றைக் கட்டிவிட்டு வந்தேன். இன்று அறுந்திருந்தது. சதிகாரனைக் கையும் களவுமாகப் பிடிக்க, மதியம் புதருக்குப் பின்னால் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். முதுகில் நீலம் ஒட்டிய ஆடு வந்து பூட்டில் கழுத்தைச் சொறிந்துகொண்டது. பின்னாலேயே வந்த ஆட்டுக்காரர் என்னைப் பார்த்துவிட்டார்.

“என்னுங்க சார், வயித்தக் கலக்கிருச்சுங்களா? சித்த அந்தப் பக்கம் போங்க, அங்க ஓடைத் தண்ணி கெடக்குது.”

ஆட்டுக்காரரையும் கவனத்தில் வைத்திருக்கிறேன்.

ஜூன் 20, வியாழன்

பூட்டிய கிணற்றின் முடிவு 0.44. பூட்டில் எந்தக் குறையும் இல்லை.

ஜூன் 22, சனி

மாணிக்கவேலுவை நாமக்கல்லில் அவர் வீட்டிலேயே போய்ப் பார்த்தேன். கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. காபி கொடுத்தார். ஏழாம் கிணற்றைப் பற்றி எதுவும் தெரியாததுபோலப் பேச்சை ஆரம்பித்தேன்.

“அதென்னங்க சார் ஏழு, எட்டு? எட்டுப் பாட்டலும் ஒண்ணாம் கெணத்துலயே புடிச்சதுதானுங்களே. ஆபீசு பின்னாடியே இருக்குது, தண்ணியும் பளிங்காட்டம் வரும்.”

எவ்வளவு காலமாக என்று கேட்டேன்.

“எட்டு வருசம் இருக்கும். எனக்கு முட்டி வலி வந்தப்ப நீங்கதானுங்க சொன்னீங்க. ‘காடு மேடெல்லாம் ஏறி எறங்கிக் கால ஒடிச்சுக்காத மாணிக்கம், எல்லாம் ஒரே பூமித் தண்ணிதானே’ன்னு. ஆடிப்பெருக்குக்கு மக்கா நாளுங்க. நீங்க டீ குடிச்சுக்கிட்டே சொன்னீங்க. நானு உங்கள தெய்வமா நெனச்சேன்.”

மாணிக்கவேலுவுக்கு ஞாபகமறதி ஆரம்பித்திருக்கிறது. ஆடிப்பெருக்குக்கு மறுநாள் என்று நாள் முதற்கொண்டு சொல்கிறார்.

ஜூன் 24, திங்கள்

ஜெபராணி இரண்டு பக்கக் குறிப்பு கொடுத்தார். ஏழு, எட்டுக் கிணறுகளில் மோட்டார் வைத்து இடைவிடாமல் இறைக்க வேண்டும், இறைத்ததைச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும், மண்மேட்டைச் சுற்றி மழைநீர் வடிய வாய்க்கால் வெட்ட வேண்டும் என்று போகிறது. ஆனால் முதல் வரி வேறு. ஊர்க் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று இன்றே ஊருக்குச் சொல்லி, டேங்கரில் தண்ணீர் அனுப்ப வேண்டுமாம்.

சுத்திகரிப்பு நிலையத்தை ஆய்வு செய்தேன். திறப்புவிழாக் கல்வெட்டு நல்ல நிலையில் இருக்கிறது. மோட்டாரைக் காணவில்லை. தொட்டியில் லாரி டயர்களை அடுக்கியிருக்கிறார்கள்.

ஊருக்குச் சொன்னால் பீதி கிளம்பும் என்றார் ஜி.எம். “பீதி நல்லதுதான சார்? பீதியிருந்தா தண்ணியக் குடிக்க மாட்டாவ” என்றார் ஜெபராணி. இதையும் கூட்டக் குறிப்பில் ஏற்றவில்லை. அவருடைய முதல் மாதம் முடிய இன்னும் ஒரு வாரம் இருக்கிறது.

அரையாண்டு அறிக்கை முப்பதாம் தேதிக்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போக வேண்டும். ஏழும் எட்டும் வண்ணப் பூச்சுக்காக மூடப்பட்டிருந்ததாக எழுதிவிடலாம் என்று ஜி.எம். சொன்னார். வாசகத்தை அமைத்துக் கொடுத்தேன். நடையில் குறை இல்லை.

ஜூன் 25, செவ்வாய்

பாவாயி மூன்றாவது பாட்டிலோடு வந்தார். இந்த முறை சீட்டு ஒட்டியிருக்கிறது. பள்ளிக்கூட நோட்டில் ஒட்டுகிற சீட்டு, மூலையில் மயில் படம். பெயர்: பாவாயி. வகுப்பு என்ற இடத்தை விட்டுவிட்டார். பாடம்: தண்ணீர்.

“இது செல்லுமுங்களா?”

பரிசீலிப்பதாகச் சொன்னேன்.

“சூடாமணிக்குக் காய்ச்சித்தான் குடுக்கறேன். காய்ச்சினாப் போயிருமுங்களா சார், அது எதுவா இருந்தாலும்?”

போகாது. காய்ச்சினால் தண்ணீர்தான் ஆவியாகக் குறையும், குரோமியம் அப்படியே இருக்கும். அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. எடுத்துப் பேசினேன். தவறான எண். கொஞ்ச நேரம் பேச வேண்டியிருந்தது. திரும்பிப் பார்த்தபோது பாவாயி போயிருந்தார்.

ஜூன் 26, புதன்

மதியம் அலமாரியில் ஒரு பாட்டில் குறைந்திருந்தது. மயில் படம் ஒட்டியது. சாயந்திரம் பழைய இடத்துக்கே வந்துவிட்டது, பாதியளவு தண்ணீரோடு. என் மேசை இழுப்பறையில் ஜெபராணியின் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு. பாடம் தண்ணீர், மதிப்பெண் 0.19.

அனுமதி இல்லாமல் ஆய்வகத்தைப் பயன்படுத்தியது குறித்து விசாரிக்க வேண்டும். சீட்டை இந்த நாட்குறிப்பின் உறைக்குள் வைத்திருக்கிறேன். கோப்பில் வைப்பதற்கு அதற்கு எண் இல்லை.

ஜூன் 27, வியாழன்

இன்று முதல் வீட்டிலிருந்து பிளாஸ்க்.

“பதினோரு வருசமா எங்காப்பி வேண்டாம்னு அந்தக் கடைக்கு ஓடுன மனுசன், இப்ப என்ன திடீர்னு?” என்று கேட்டாள் மனைவி கோமதி.

சர்க்கரை என்றேன். போட்ட காபியில் இரண்டு கரண்டி சர்க்கரை இருந்தது.  “நம்ம குவாட்டர்ஸ் தண்ணி எங்கிருந்து வருது?” என்று கேட்டாள். ஒன்றாம் கிணற்றுக்குப் பக்கத்து போர் என்றேன். சரி என்றாள். என்னைச் சந்தேகப்படுகிறாள் என்று நினைக்கிறேன். எதற்காக என்றுதான் புரியவில்லை.

ஜூன் 29, சனி

அறிக்கை அனுப்பப்பட்டது. ஜெபராணி அதில் கையெழுத்திட மறுத்தார். தன் அளவுகளைத் தனித்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு என்னிடம் கொடுத்தார். “இதையும் சேத்து அனுப்புங்க சார். இல்லைன்னா அனுப்பலன்னு எழுதிக் குடுங்க. ரெண்டுல ஒண்ணு செய்யுங்க.” இரண்டையும் பரிசீலிப்பதாகச் சொன்னேன்.

ஜூலை 1, திங்கள்

காலை பத்தரைக்குப் பாவாயி வந்தார். பாட்டில் இல்லை. கடையின் கண்ணாடி தம்ளரில் தேநீர், மேலே ஒரு சில்வர் தட்டு போட்டு மூடி.  அறையில் ஜெபராணியும் இருந்தார். மாதக் கடைசிப் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தார்.

பாவாயி தம்ளரை என் மேசையில் பிளாஸ்குக்குப் பக்கத்தில் வைத்துத் தட்டை எடுத்தார். ஆவி பறந்தது. பிளாஸ்கை ஒரு முறை பார்த்தார்.

“எங்கடை டீ குடிச்சு எத்தன நாளாச்சுங்க சார்?”

எண்ணவில்லை என்றேன்.

“நானு எண்ணியிருக்கறேன். அந்தப் பொண்ணு தண்ணி எறைச்ச அன்னிக்குக் குடிச்சீங்க. பெயிண்டு அடிச்ச அன்னிக்கும் குடிச்சீங்க. போன மாசம் பத்தாந்தேதி காலைல குடிச்சதுதான் கடேசி. அன்னிக்கு மத்தியானம் உங்களுக்கெல்லாம் மீட்டிங்கு. அப்பறம் நீங்க வரவே இல்ல.”

மருத்துவர் சர்க்கரையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் என்றேன்.

“சக்கரை போடலீங்க.”

பால் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பார்த்தபோது தம்ளரில் பாலும் இல்லை. வெறும் வரத் தேநீர்.

“காயிதம் வேண்டாமுங்க. சீட்டு ஒட்டுன பாட்டல் வேண்டாம். கையெழுத்தும் வேண்டாம். ஒரே ஒரு வாயி குடிங்க. நானு போயி எம்பொண்ணுக்கு ஒரு சொம்பு மோந்து குடுத்துட்டு, இனி இந்தப் பக்கமே வர மாட்டேன்.”

உட்காருங்கள் என்றேன். உட்காரவில்லை. சில கோப்புகளைப் பார்த்தேன். அவசரமாகப் பார்க்க வேண்டிய கோப்புகள். ஜெபராணி எழுதுவதை நிறுத்தியிருந்தார். மின்விசிறி கிறீச்சிட்டது. அதற்கு எண்ணெய் விட வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

தேநீரில் ஆவி நின்றது. பாவாயி தம்ளரின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பார்த்தார்.

“ஆறிப்போச்சுங்க” என்றார். பிறகு தம்ளரை எடுத்துத் தட்டைப் போட்டு மூடினார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

“பதினோரு வருசமா உங்களுக்குன்னு தனியா ஒரு தம்ளர் வெச்சிருந்தேனுங்க. வேற ஒருத்தருக்கும் அதுல ஊத்துனதில்ல.”

அவர் போன பிறகு ஜெபராணி எழுந்து சன்னலைத் திறந்தார்.  

ஜூலை 2, செவ்வாய்

விஷயம் ஊருக்குள் கசிந்துவிட்டது. அளவை வெளியே சொன்னது யார் என்று ஜி.எம். விசாரணைக்கு உத்தரவிட்டார். விசாரணைக் குழுத் தலைவர் நான். ஜெபராணி, ஆய்வக உதவி, வாசல் காவலர், தட்டச்சர் என்று எல்லோரையும் தனித்தனியே அழைத்துக் கேட்டேன். ஒருவரும் வெளியே ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை என்று குழுவின் முன்பு பதிவு செய்தேன். எந்த எண்ணும் எந்த வாயிலிருந்தும் வெளியேறவில்லை என்பது ஐயமில்லாமல் நிரூபணமாகியிருக்கிறது. அறிக்கை ஒன்பது பக்கம்.

கசிவின் வழி கண்டுபிடிக்கப்படவில்லை.

ஜூலை 3, புதன்

வெயிலில் வெளிறியதால் நீல மூடிகளுக்கு இரண்டாம் பூச்சு ஒப்புதல் ஆனது. பூட்டுகளுக்கு எண்ணெய்.

ஜெபராணியின் தனித்தாளை இன்று வாரியத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஊருக்கே தெரிந்த பிறகு பழி அவரோடு போகட்டும் என்று, அனுப்புநர் இடத்தில் ஜெபராணியின் பெயரை எழுதச் சொன்னார் ஜி.எம். தபால் நிலையத்தில் பேனா சரியாக எழுதவில்லை. என் பெயர் விழுந்துவிட்டது.

காலை ஏழு மணிப் பேருந்தில் சூடாமணியை ராசிபுரத்தில் கணவன் வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாசல் கேட்டிலிருந்து ஒன்றாம் கிணற்றுப் பக்கத்துக் குழாய்வரை குடங்கள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கின்றன. காவலர் எண்ணிச் சொன்னார், ஐம்பத்து மூன்று.

பாவாயி கடை மூடியிருக்கிறது. பின்னால் ஊர்க் கிணற்றின் வாயில் கருவேலம் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்திருக்கிறார்கள்.